ஆயா என்றால் யார்

நோர்பரி, லண்டன்
14.01.2024

அன்புள்ள தம்பி றஜீவுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அத்தானும் நடமாடுகிறோம். குளிருக்கு என் முழங்கால் மட்டும் சொன்ன சொல் கேட்பதில்லை. உன் நெஞ்சிழுப்பு எப்படி இருக்கிறது என்று எழுது.

இனிமேல் போனில் கதைப்பதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன். போன கிழமை மாதிரி நீயும் கத்தி நானும் கத்தி, கடைசியில் என்ன கேட்க எடுத்தேன் என்பதே மறந்துபோகிறது. எழுதினால் அனுப்ப முன்னம் ஒரு தரம் வாசித்துப் பார்க்கலாம். நீயும் தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்பு. டைப் பண்ணினால் இரண்டு வரியோடு நிறுத்திவிடுவாய்.

கேட்க இருந்தது இதுதான். கனடாக்காரர் மெடிக்கலுக்குத் தந்த திகதிக்குப் போனாயா? பன்னிரண்டு வருடமாக இந்தோனேசியாவில் அகதி அட்டையோடு இருக்கிறாய். வேலை செய்ய ஏலாது, சொந்தப் பெயரில் ஒன்றும் பதிய ஏலாது. ரொறன்ரோவில் ஞானேஸ்வரன் அண்ணையும் இன்னும் நாலு பேரும் உனக்குப் பொறுப்பு நின்று கையெழுத்து வைத்து ஏழு வருடம் ஆகிறது. இப்போதுதான் அங்கிருந்து ஒரு அசைவு வந்திருக்கிறது. நீ அசையவில்லை.

மற்றது, மூன்று தரம் எடுத்தேன், மூன்று தரமும் ஒரு பெண் எடுத்து ஏதோ சொல்லிவிட்டு வைத்தாள். ஒரு சொல் விளங்கவில்லை. யார் அவள்?

அந்த எரிச்சலில் ஒரு வேலை செய்திருக்கிறேன். நகரத்துக்குள்ளே 'சஹாபாட்' என்றொரு பண்பாட்டு மன்றம் இருக்கிறது. இந்தோனேசிய மொழியைப் பிறநாட்டாருக்குச் சனிக்கிழமைகளில் இலவசமாகச் சொல்லித்தருகிறார்கள். மொழியைப் படித்தால் நாட்டின் மேல் நேசம் வரும் என்று ஜகார்த்தாவிலிருந்து ஆசிரியையை அனுப்பியிருக்கிறார்களாம். எனக்கு நேசம் வேண்டாம். உன் போனை எடுக்கிறவள் என்ன சொல்கிறாள் என்று தெரிந்தால் போதும்.

பனி கொட்டாத நாட்டில் இருக்கிறாய், அதற்காவது கடவுளுக்கு நன்றி சொல்.

உன் அக்கா
அஞ்சலீனா

•

மெடான்
03.02.2024

அன்பு அக்காவுக்கு,

நான் நல்ல சுகம். அத்தானையும் கேட்டதாகச் சொல்லுங்கள். முழங்காலுக்கு இங்கே ஒரு எண்ணெய் விற்கிறார்கள், ஆராவது வந்தால் தந்துவிடுகிறேன்.

போனை எடுத்தது நான் இருக்கும் வீட்டுக்காரரின் மகள். பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர். நான் போனை வைத்துவிட்டு வெளியே போனால் பாவம், அவர்தான் எடுக்கிறார். வேறொன்றும் இல்லை.

மெடிக்கலுக்கு அந்தக் கிழமை காய்ச்சலால் போக ஏலாமல் போய்விட்டது. வேறு திகதி கேட்டிருக்கிறேன்.

இந்த வயதில் உங்களுக்கு ஏன் அக்கா இந்த மொழி? கிழமை முழுக்கப் பள்ளிக்கூடச் சமையலறையில் நின்று களைத்துவிட்டுச் சனிக்கிழமையில் ஆறுதலாக இருங்கள். இங்கே உள்ளவர்களிடம் என்ன சொல்ல வேண்டும் என்றாலும் நான் சொல்லிவிடுகிறேன் தானே.

அன்புத் தம்பி
றஜீவ்

•

நோர்பரி
02.03.2024

அன்புள்ள தம்பிக்கு,

தவக்காலம் தொடங்கியதிலிருந்து வீட்டில் மரக்கறிதான். அத்தானின் முறுமுறுப்பைத் தவிர மற்றதெல்லாம் சுகம். காய்ச்சல் விட்டதா?

வகுப்பைப் பற்றி எழுதாவிட்டால் எனக்கு விசர் பிடித்துவிடும். முதல் நாள் வணக்கம் சொல்லப் படித்தோம். காலைக்கு ஒன்று, மதியத்துக்கு ஒன்று, பின்னேரத்துக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று. இரண்டாம் கிழமை பத்திக் துணியின் வரலாறு. மூன்றாம் கிழமை ஆளுக்கொரு மூங்கில் வாத்தியத்தைத் தந்து ஆட்டச் சொன்னார்கள். எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு சுரம். அது வரும் வரைக்கும் கையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். நாலாம் கிழமை எரிமலைகள். மன்றத்து மேலதிகாரி வந்து படம் எடுத்துக்கொண்டு போனார். 'யார் நீ, ஏன் என் தம்பியின் போனை எடுக்கிறாய்' என்று கேட்க எந்தக் கிழமை படிப்பிப்பார்கள் என்று தெரியவில்லை.

எனக்குப் பக்கத்தில் டெரிக் என்று ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர். சுமாத்ராக் காட்டில் ஒராங்குட்டான் பார்க்கப் போவதற்காகப் படிக்கிறார். என்னைவிட அவருக்கு நன்றாக வருகிறது. குரங்கோடு கதைக்க இவ்வளவு இலக்கணம் ஏன் என்று வாய் வரைக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

ஆசிரியை வூலான் ரீச்சர் நல்ல பிள்ளைதான். முப்பது வயது இருக்கும். ஆனால் எதைக் கேட்டாலும் சிரித்துக்கொண்டு, 'அது பிறகு வரும் அம்மா' என்கிறார். எல்லாம் பிறகு. கண்டறியாத வகுப்பு. கப்பலுக்குக் 'கப்பால்' என்கிறார்கள், பெயருக்கு 'நாமா'. அந்த இரண்டையும் வைத்து நான் என்ன கதைக்கிறது?

ஒன்று கேட்க மறந்தேன். போன ஞாயிறு நீ அனுப்பிய குரல் பதிவில் உனக்குப் பின்னால் ஒரு பிள்ளை 'ஆயா, ஆயோ மக்கான்' என்று கூப்பிட்டது. மக்கான் என்றால் சாப்பிடுவது, அது தெரியும். பிள்ளை பார்க்க ஆயா வைத்திருக்கும் அளவுக்கு உன் வீட்டுக்காரர் வசதியோ?

மெடிக்கல் திகதி என்னவாயிற்று?

அக்கா

•

மெடான்
21.03.2024

அன்பு அக்காவுக்கு,

நீங்கள் எல்லோரும் சுகமாய் இருந்து பெரிய வெள்ளியையும் பாஸ்காவையும் நல்லபடியாகக் கழிக்க வேண்டுகிறேன்.

ஓம், ஆயாதான். பக்கத்து வீட்டுப் பிள்ளை. தன்னைப் பார்க்கிற கிழவியைக் கூப்பிட்டிருக்கும்.

மெடிக்கல் இனி நோன்புப் பெருநாள் விடுமுறைக்குப் பிறகுதான். இங்கே எல்லாம் பூட்டிவிடுவார்கள்.

வகுப்பில் உங்களுக்கு இவ்வளவு எரிச்சல் என்றால் நிற்பாட்டிவிடுவது நல்லது அக்கா. கஷ்டப்பட வேண்டாம்.

றஜீவ்

•

நோர்பரி
14.04.2024

தம்பிக்கு,

சுகம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. இருந்தாலும் சுகமாய் இரு.

நேற்றைய பாடம் குடும்பம். வூலான் ரீச்சர் பலகையில் ஒவ்வொன்றாக எழுதினார். இபு என்றால் தாய். 'சுவாமி' என்று எழுதினார், கணவனாம். கோயிலில் பூசை வைக்கிறவரை அல்லவோ நாங்கள் அப்படிச் சொல்கிறோம் என்று நினைத்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு இருக்கும்போதே அடுத்த சொல்லை எழுதினார். ஆயா. தகப்பன்.

நான் கையை உயர்த்தி, கிழவிகளையும் அப்படிக் கூப்பிடுவார்களா என்று கேட்டேன். இல்லை என்றார். பிள்ளை பார்க்கிறவர்களை? இல்லை. ஒருவரைத்தான் அப்படிக் கூப்பிடலாம் என்றார். டெரிக் அதையும் கொப்பியில் எழுதிக்கொண்டார்.

என்னைப் பேய்க்காட்டலாம் என்று நினைத்தாய். நான் அந்த மூங்கிலை ஆட்டியதெல்லாம் வீணாகவில்லை.

றஜீவ், அந்தப் பிள்ளை யாரைச் சாப்பிடக் கூப்பிட்டது?

அஞ்சலீனா

•

நோர்பரி
12.05.2024

தம்பி,

நாலு கிழமையாகப் பதில் இல்லை. இழுப்புக் கூடிவிட்டதோ என்று ஒரு பக்கம் பயம், ஒளித்துக்கொண்டு இருக்கிறாய் என்று ஒரு பக்கம் ஆத்திரம். அத்தான், "நீர் அவனைப் பெத்தனீரோ? விடும்" என்கிறார். விட ஏலவில்லை. போனில் கதைப்பதில்லை என்று சொன்னதை நானே மீறி நேற்றுக் காலை எட்டு மணிக்கு, அங்கே மதியம் இரண்டுக்கு, எடுத்தேன். அவள்தான் எடுத்தாள்.

'மதிய வணக்கம். என்னை அறிமுகப்படுத்திக்கொள்ள அனுமதியுங்கள். என் பெயர் அஞ்சலீனா. நான் லண்டனில் வசிக்கிறேன்' என்றேன். புத்தகத்தின் முதலாம் பக்கம். அவள் மெல்லச் சிரித்தாள். செய்தி வாசிக்கிறவர் மாதிரிக் கதைக்கிறீர்கள் என்றாள். எனக்கு விளங்க வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். பெயர் றோஸ்மௌலி, றோஸ் என்றால் போதுமாம். நீ அவளுடைய சுவாமி. பங்குச் சாமியார் கலியாணத்தை ஆசீர்வதித்து ஐந்து வருடம். பிள்ளை நவுலி, நாலு வயது.

ஏன் எனக்கு ஒருவரும் சொல்லவில்லை என்று கேட்டேன். அப்போது அவள் சிரிக்கவில்லை.

"நீங்கள் பொறுக்கச் சொன்னீர்கள். நாங்கள் இரண்டு வருடம் பொறுத்தோம்."

அந்த மொழியில் 'நாங்கள்' என்பதற்கு இரண்டு சொல் இருக்கிறது. கேட்கிறவரையும் சேர்த்துச் சொல்வது ஒன்று, சேர்க்காமல் சொல்வது மற்றது. எங்கள் நாம், நாங்கள் மாதிரியே. வகுப்பில் வெள்ளைக்காரருக்கு அது ஏறவேயில்லை, எனக்கு ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. றோஸ் சொன்னது சேர்க்காத சொல். என்னை வெளியே நிற்பாட்டிவிட்டுச் சொன்னாள். அது இவ்வளவு தெளிவாக விளங்காமல் இருந்திருக்கலாம்.

அவள் சொல்லித்தான் எனக்கு ஞாபகம் வந்தது. படிவம் நிரப்பிய கிழமை நீ என்னிடம், "இங்கை ஒராளைப் பிடிச்சிருக்கு அக்கா" எண்டு சொன்னாய். "கனடா போய்ச் சேருமட்டும் அந்தக் கதை எடுக்காதை" எண்டு சொல்லிப்போட்டு நான் வேலைக்கு ஓடினேன். பஸ்ஸில் ஏற முன்னமே அதை மறந்துவிட்டேன். நீங்கள் இரண்டு பேரும் அதை வைத்துக்கொண்டு இரண்டு வருடம் இருந்திருக்கிறீர்கள்.

அதற்குமேல் என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. சாப்பாட்டுக் கடைப் பாடத்தில் படித்த வசனம்தான் வாயில் வந்தது. 'உங்களுக்கு என்ன வேண்டும்?' என்று கேட்டேன். தன்னை ஒருவரும் இதைக் கேட்டதில்லை என்றாள். பிறகு சொன்னாள்: "மூன்று பேரின் பெயரும் ஒன்றாக இருக்கிற ஒரு தாள். எந்த நாட்டுத் தாள் என்றாலும் பரவாயில்லை." அகதியோடு செய்த கலியாணத்தைப் பதிய ஏலாததால் நவுலியின் பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயர் மட்டும்தானாம்.

கனடாப் படிவத்தில் நீ தனியாள் என்று இருக்கிறது. அப்படியே போய் இறங்கினால் பிறகு மனைவி பிள்ளையைக் கூப்பிட விடமாட்டார்கள் என்று ஞானேஸ்வரன் அண்ணை சொல்கிறார். உனக்கு அது முன்னமே தெரியும். அதனால்தான் காய்ச்சலும் பெருநாளும் வந்தன. போகவும் மனமில்லை, போகமாட்டேன் என்று எனக்குச் சொல்ல வாயுமில்லை. இப்போதாவது எழுது.

அக்கா

•

மெடான்
20.05.2024

அன்பு அக்காவுக்கு,

இழுப்பு இல்லை. நன்றாய் இருக்கிறேன். மூன்று தரம் எழுதிக் கிழித்துவிட்டேன்.

நீங்கள் எடுத்தபோது நான் அதே அறையில்தான் இருந்தேன். றோஸ் கையைக் காட்டி என்னை வெளியே போகச் சொன்னாள். கதவுக்கு வெளியே நின்று நீங்கள் எங்கள் மொழியில் கதைப்பதைக் கேட்டேன். 'எங்கள் மொழி' என்று எழுதிவிட்டேன், வெட்டவில்லை.

உங்கள் குரலைக் கேட்டால் எனக்கு இன்னும் பதினெட்டு வயது அக்கா. சண்டை முடிந்த பிறகு செட்டிகுளம் முகாமிலிருந்து என்னை வெளியே எடுப்பித்தது நீங்கள். வள்ளத்தில் ஏறச் சொன்னதும் நீங்கள். அது நடுக்கடலில் பழுதாகிச் சுமாத்ராக் கரையில் எங்களைப் பிடித்தபோது, நான் முதலில் யோசித்தது உங்களுக்கு என்ன சொல்வது என்றுதான். நீங்கள் எடுத்த எந்த முடிவுக்கும் நான் மாட்டேன் என்று சொன்னதில்லை. இதற்கு ஓம் என்றும் சொல்ல ஏலவில்லை. அதனால் பேசாமல் இருந்தேன். பேசாமல் இருந்தால் எல்லாம் தானாக முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

கனடா வேண்டாம் என்று ஞானேஸ்வரன் அண்ணைக்கு எழுதிவிடுங்கள். அவர்களுக்குத் தந்த தொந்தரவுக்கு என் சார்பில் மன்னிப்புக் கேளுங்கள்.

நவுலிக்கு உங்கள் படத்தைக் காட்டினோம். உங்களுக்கு ஏன் கோபம் என்று கேட்கிறாள். படத்தில் நீங்கள் சிரித்துக்கொண்டுதான் நிற்கிறீர்கள்.

றஜீவ்

•

நோர்பரி
30.06.2024

அன்புள்ள தம்பிக்கு,

வெயில் வந்துவிட்டது, முழங்கால் இப்போது என்னோடு ஒத்துப்போகிறது. நவுலியின் படங்களை அத்தான் கோயிலில் எல்லோருக்கும் காட்டித் திரிகிறார். படங்களோடு உனக்கு இருமல் என்று எழுதியிருந்தாய், மாறியதா?

கனடா வேண்டாம் என்று நான் எழுதமாட்டேன். உன்னைக் கேட்காமல் உனக்காக எத்தனையோ செய்தேன், சரி. ஆனால் இது நீ சொல்லும் வேண்டாம் இல்லை. இது எனக்குப் பயந்து சொல்லும் வேண்டாம். நீயும் றோஸும் இருந்து யோசித்து இரண்டு பேரும் வேண்டாம் என்றால் அப்போது எழுதுகிறேன். அதுவரைக்கும் படிவத்தில் உள்ளதைத் திருத்துவோம்.

வகுப்பு முடிந்தது. அதன் நிறைவு விழாவைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். ஆளுக்கு மூன்று நிமிடம் 'இந்தோனேசியாவும் நானும்' என்று பேச வேண்டும். முன் வரிசையில் பத்திக் சட்டையோடு அதிகாரிகள். என் பேச்சு பத்திக் துணியைப் பற்றி, வூலான் ரீச்சர் திருத்தித் தந்தது, நான் சமையலறையில் கிழங்கு உரித்துக்கொண்டே பாடமாக்கியது. டெரிக் காடுகளைப் பற்றி உருகி உருகிப் பேசினார். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குள்ளே ஒரே புகைச்சல். எல்லோரும் அந்த நாட்டின் கடலையும் காட்டையும் சிரிப்பையும் சொல்கிறார்கள். நீ பன்னிரண்டு வருடம் அங்கே இருக்கிறாய் என்று அந்த மண்டபத்தில் ஒருவருக்கும் தெரியாது.

என் முறை வந்தது. வணக்கம் சொன்னேன். பத்திக் வரவில்லை. இதுதான் வந்தது, இலக்கணம் எப்படி இருந்ததோ தெரியாது:

"உங்கள் மொழியைப் படிக்க வந்தது என் தம்பியின் பொய்யைப் பிடிக்க. பிடித்துவிட்டேன். கூடவே நான் செய்த பிழையும் பிடிபட்டது. தம்பி மெடானில் பன்னிரண்டு வருடம் இருக்கிறான். அவனுடைய மகளுக்கு உங்கள் மொழிதான் தாய்மொழி. அவளுடைய பிறப்புச் சான்றிதழில் அவன் பெயர் இல்லை. அவளோடு கதைக்க எனக்கு இந்த மொழியைத் தந்தீர்கள். நன்றி."

ஒருவரும் கை தட்டவில்லை. பிறகு டெரிக் தட்டினார், அவருக்குப் பாதிதான் விளங்கியிருக்கும். முன் வரிசையில் இருந்த வயதானவர் ஒருவர் எழுந்து, மெடானில் எந்தப் பக்கம் என்று கேட்டார். சொன்னேன். தானும் அந்தப் பக்கம்தான் என்றார். பிறகு இருக்கையில் இருந்துவிட்டார். குழுவாகப் படம் எடுக்கும்போது என்னை ஓரத்துக்கு நகர்த்தினார்கள். என் சான்றிதழ் தபாலில் வரும் என்றார்கள், இன்னும் வரவில்லை. ஐந்து மாதம் மூங்கில் ஆட்டியிருக்கிறேன்.

வூலான் ரீச்சர் என்னைத் தேநீர் வைக்கிற அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கண் சிவந்திருந்தது. "எங்கள் நாட்டை உங்களுக்குப் பிடிக்கப்பண்ணுவதுதான் என் வேலை. இன்றைக்கு அதை எனக்குக் கஷ்டமாக்கிவிட்டீர்கள்" என்றார். மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, முழுக் கதையையும் கேட்டுக்கொண்டு, எந்தெந்தக் கடிதங்களை மொழிபெயர்க்க வேண்டும் என்று கேட்டார். தன்னால் முத்திரை குத்த ஏலாது, ஆனால் என்ன எழுதியிருக்கிறது, எது குறைகிறது என்று சொல்லலாம் என்றார்.

அடுத்த நாள் ஞாயிறு, பூசை முடிந்து நேரே அவரைச் சந்தித்தேன். ஒரு தேநீர்க் கடையில் இரண்டு மணித்தியாலம் இருந்தோம். றோஸ் அனுப்பிய சாமியாரின் கடிதம், நவுலியின் ஞானஸ்நானப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ் எல்லாம் வரி வரியாகப் பார்த்தார். அந்தச் சான்றிதழை மட்டும் இரண்டாம் தரமும் வாசித்தார். தன் ஊரிலும் இப்படிப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றார். தேநீர் ஆறிவிட்டது.

குறைகிறவற்றின் பட்டியலை இதோடு அனுப்புகிறேன். சாட்டுச் சொல்லாமல் செய். ஞானேஸ்வரன் அண்ணை, "எல்லாம் முதலிலை இருந்து, தங்கச்சி. இன்னும் மூண்டு வருசம் எண்டாலும் எடுக்கும்" எண்டு சொல்லிவிட்டார். ஐந்து பேரில் ஒருவர் கோபித்துக்கொண்டு விலகிவிட்டார். அவருடைய இடத்துக்குப் பத்மநாதன் என்றொருவர் வந்திருக்கிறார். எனக்கு ஆத்திரமாகத்தான் இருக்கிறது. ஆருடன் என்றுதான் தெரியவில்லை.

அக்கா

•

மெடான்
18.08.2024

அன்பு அக்காவுக்கு,

இருமல் மாறிவிட்டது. இங்கே நாங்கள் மூவரும் சுகம். மடுத் திருவிழா அன்று உங்களையும் அத்தானையும் நினைத்துக்கொண்டோம்.

நானும் றோஸும் இரண்டு கிழமை இருந்து கதைத்தோம். கதைத்தோம் என்றால் பெரும்பாலும் அவள் கதைத்தாள். கனடா அவளுக்குப் பெரிய ஆசை இல்லை. தாயை விட்டுவிட்டு வருவது கஷ்டம். ஆனால் படிவத்தைப் போடச் சொன்னாள். கிடைத்தால் அப்போது மூன்று பேரும் இருந்து யோசிப்போம் என்றாள். ஆகவே இது என் வேண்டாமும் இல்லை, உங்கள் வேணும் என்பதும் இல்லை.

பட்டியலில் உள்ளதெல்லாம் எடுத்து அனுப்பிவிட்டேன். ஞானேஸ்வரன் அண்ணை நிரப்பிய புதுப் படிவத்தின் பிரதி போன செவ்வாய் வந்தது. கடையில் அச்செடுத்துக்கொண்டு வந்து றோஸிடம் கொடுத்தேன். ஆங்கிலம் அவளுக்குக் கொஞ்சம்தான் வரும். பெயர்களை மட்டும் தேடி வாசித்தாள். என்னுடையது, அவளுடையது, பிள்ளையுடையது. திருப்பி ஒரு தரம் வாசித்தாள். பிறகு எழுந்து போய்ச் சோறு போட்டாள். அன்றைக்கு நான் கேட்காமலே பொரித்த மீன் இரண்டு துண்டு வைத்தாள்.

நீங்கள் போன் எடுத்தாலும் தான் இப்போதைக்குக் கதைக்க ஆயத்தமாக இல்லை என்கிறாள். கோபம் இல்லையாம். கோபம்தான் அக்கா. நான் ஏதாவது சொல்லிச் சமாளிக்கவா என்று கேட்டேன். நீ இனி ஒன்றும் சமாளிக்க வேண்டாம் என்று உங்களையும் என்னையும் சேர்த்து ஏசினாள்.

அன்புத் தம்பி
றஜீவ்

•

(இந்தோனேசிய மொழியில் எழுதியது)

நோர்பரி, லண்டன்
08.09.2024

அன்புள்ள றோஸுக்கு,

நீயும் நவுலியும் உன் அம்மாவும் நலமா? நான் நலம். என் கணவரும் நலம். இன்று மழை பெய்கிறது.

இதை றஜீவுக்கு வாசித்துக் காட்ட வேண்டாம். இது உனக்கு. ஒவ்வொரு வசனமும் சின்னதாக இருக்கும். பெரிய வசனம் எனக்கு எழுத வராது. பெரிய வசனத்தில் ஒளித்துக்கொள்ளலாம், சின்ன வசனத்தில் ஏலாது.

அன்றைக்கு உன் சுவாமி உன்னைப் பற்றிச் சொன்னான். நான் உன் பெயரைக் கேட்கவில்லை. நீ எப்படிப்பட்டவள் என்று கேட்கவில்லை. பொறு என்று சொன்னேன். எனக்கு அது ஒரு நிமிடம். உனக்கு இரண்டு வருடம். அதற்குப் பிறகும் ஐந்து வருடம், என் போன் வரும்போதெல்லாம் நீ உன் சொந்த வீட்டில் வீட்டுக்காரரின் மகளாக இருந்தாய். நான் நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். அதைச் சாட்டாகச் சொல்லவில்லை. அப்படித்தான் நடந்தது.

மன்னிப்புக் கேட்க எப்படிச் சொல்வது என்று புத்தகத்தில் தேடினேன். பதினோராம் பாடத்தில் இருக்கிறது. பஸ்ஸில் ஒருவரின் காலை மிதித்தால் சொல்வது. வகுப்புக்குப் பிந்தி வந்தால் சொல்வது. ஏழு வருடத்துக்கு என்ன சொல்வது என்று அதில் இல்லை. வூலான் ரீச்சரைக் கேட்கலாம். கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆகவே உன்னையே கேட்கிறேன். உங்கள் மொழியில் அதற்கு என்ன சொல்? நீ எழுது. நான் பாடமாக்குகிறேன்.

உடனே எழுத வேண்டும் என்று இல்லை.

கணவனின் அக்காவுக்கு உங்கள் புத்தகத்தில் உள்ள சொல் எனக்குப் பிடிக்கவில்லை. எங்களுடைய சொல்லை எழுதுகிறேன். அது என்ன என்று றஜீவைக் கேள். இந்த முறை சரியாகச் சொல்லுவான்.

உன் மச்சாள்
அஞ்சலீனா